சரளைப் பாதையில் சைக்கிள்



ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. ஏறக்குறைய 29 சதுர கிலோமீட்டர் பரப்பு. 1985-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு உள்ளே சுற்றலாம். ஹாரன் தொல்லை கிடையாது. நாரைகளைப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம்.

சைக்கிள் என்றால் நம் புதுக்கோட்டை ஆலங்குடிப் பக்கம் சும்மாவா? 1991, 92-இல் எழுத்தறிவு ஊட்டும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் கொடுத்த ஊக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனால் என்ன என்று, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள், அதுவும் சேலையோடு! கம்பியில் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு.

அந்தச் சைக்கிளை இன்று முந்திரிக்காட்டுச் செம்மண் பாதைக்குக் கொண்டுபோங்கள். சரளையில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கூடும். முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் சறுக்கிவிடும். சீமைக் கருவேல முள்ளுக்கு எந்த டியூபும் தப்பாது, பஞ்சர் ஒட்டும் சாமான் கையில் இருக்கட்டும். காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள்.