ஒரே தட்டு, பல விலை

இரண்டு வேட்டிகளின் விலையில் வேறுபாடு இருந்தால் நாம் காரணம் கேட்பதில்லை. நூல் வேறு, நெசவு வேறு என்பது தொட்டவுடனே தெரிந்துவிடுகிறது. கணிப்பொறியை இயக்கும் மென்பொருள் விஷயத்தில் இந்தக் கணக்குச் செல்லாது.

2007-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் விஸ்டா என்னும் மென்பொருளைக் கடைகளில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதன் எளிய வீட்டுப் பதிப்பின் முழு விலை 199 டாலர். யாவும் அடங்கிய உயர் பதிப்பின் விலை 399 டாலர். வியப்பு யாதெனில், இரண்டும் ஒரே தட்டில் பதிவாகியிருந்தன. வாங்கியவர் தட்டச்சு செய்யும் குறியீட்டு எண்ணே எந்தக் கதவு திறக்கும், எது திறவாது என்பதைத் தீர்மானித்தது. மலிவுப் பதிப்பை வாங்கியவர் உயர் பதிப்பையும் தம் வீட்டிலேயே வைத்திருந்தார். அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் அவருக்கில்லை.

மென்பொருளை முதன்முதலில் ஆக்குவதற்கே பெருஞ்செலவு. பிறகு படியெடுக்க ஏறக்குறைய ஒன்றும் ஆவதில்லை. ஆகவே விலையை நிர்ணயிப்பது வாங்குவோரின் சக்திதான். விலையை உயர்த்தினால் மாணவர் வாங்கார். தாழ்த்தினால் வங்கி தரக்கூடிய பணம் போய்விடும். அதனால் பதிப்புகளைப் பிரிக்கிறார்கள். வங்கியும் மலிவுப் பதிப்பையே நாடிவிட்டால்? அதைத் தடுக்கவே அந்தப் பதிப்பில் சிலவற்றைக் குறைக்கிறார்கள்.

ஜூல் த்யுபுயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1849-லேயே இதை ரயிலில் கண்டு எழுதினார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாதது செலவுக்கு அஞ்சியன்று. இரண்டாம் வகுப்புக்குப் பணம் தர இயன்றவர் அதில் ஏறிவிடலாகாது என்பதற்காகவே என்றார். மிரட்டப்பட்டவர் வசதியுள்ளவர், மழையில் நனைந்தவரோ ஏழை.

நம் நாட்டில் 2005-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் தொடக்கப் பதிப்பு இந்தியில் வெளிவந்தது. அதில் ஒரே வேளையில் மூன்று நிரல்களுக்கு மேல் இயங்கா. என் போன்ற மொழிபெயர்ப்பாளன் ஒருவன் அதன்முன் அமர்ந்திருப்பதாக நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். மூலத்தைப் படிக்க ஒன்று, எழுத ஒன்று, அகராதிக்கு ஒன்று; கணக்கு முடிந்தது. அஞ்சலைப் பார்க்க விரும்பினால் அகராதியை மூட வேண்டும். இந்தத் தடையையும் ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

முற்றும் அநியாயம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. மாணவருக்கு முழு மென்பொருளையே சலுகை விலையில் தருவோர் உளர். அங்கே ஆளைப் பிரித்தறிவது கல்லூரி அடையாள அட்டை, பொருளின் குறைபாடு அன்று. குறைப்பதிலும் தராதரம் உண்டு. திரைப்படம் தொகுக்கும் வசதி இல்லாமற்போனால் கணக்கெழுதுபவருக்கு நட்டம் ஏதுமில்லை. வேலையின் நடுவில் கையைப் பிடித்து நிறுத்துவது வேறு சங்கதி.

விண்டோஸ் 7-இன் தொடக்கப் பதிப்புக்கும் அந்த நிறுவனம் இதே மூன்று நிரல் வரம்பைத்தான் முதலில் அறிவித்திருந்தது. 2009-இல், மென்பொருள் விற்பனைக்கு வருமுன்பே, அவ்வரம்பைக் கைவிட்டது.