ஊர்க் கிணறு: குடிக்க முன்னர்

கண்டியில், வலிகாமத்துக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை

கண்டியில் மகாவலித் தண்ணீர் குழாயில் வந்தது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது, பெரும்பாலும் கிணறுதான். போனதும் கிணற்றை இறைத்து, குளோரின் போட்டுக் குடிக்கத் தொடங்குவீர்கள். கிருமிக்கு அது சரி, நைத்திரேற்றுக்குப் போதாது.

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகி, இறைக்கும் தண்ணீரோடு செம்மண்ணுக்குள் இறங்கும். கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல், அது வடிகட்டாது. மலசலகூடக் குழியிலிருந்தும் இதுவே வரும். நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றிச் செறிவு இன்னும் கூடும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. ஆறு மாதத்துக்குட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்குத்தான் முதல் ஆபத்து: இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சோதிக்காத கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் பயப்படாமல் கொடுங்கள்.

தண்ணீரைச் சோதிப்பதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். புதுக் குழியைக் கிணற்றிலிருந்து எட்ட வெட்டுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் பாருங்கள். சண்டை வருவது அங்கேதான்.