எண்ணப்படும் கட்டுரைகள்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழா மலருக்குக் கட்டுரை வேண்டியபோது இளம் விரிவுரையாளர் ஒருவர், "ஐயா, மலருக்கு ஐ.எஸ்.பி.என். எண் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் புள்ளி கிடைக்காதே" என வருந்தினார். எனக்குச் சினம் எழவில்லை. அவரை அவ்வாறு கேட்க வைத்தது எது என்ற கவலையே எழுந்தது.

2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியரின் ஆய்வைப் புள்ளிகளால் அளக்க முற்பட்டது. முனைவர் பட்ட மாணவர் ஆய்வேட்டை அளிக்குமுன் இதழொன்றில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயமும் 2022 வரை இருந்தது. நோக்கம் நன்றே, விளைவு வேறாயிற்று. பணம் பெற்றுக்கொண்டு, படித்தும் பாராமல் கட்டுரை அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதத்தில் குழுவே தன் பட்டியலினின்று 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. பின்னர் வந்த 'கேர்' பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. ஆயினும் எண்ணிக்கை நீங்கவில்லை. 2018ஆம் ஆண்டு விதிகள் பேராசிரியர் பதவிக்குக் குறைந்தது பத்து வெளியீடுகளைக் கேட்டன. நூலகமும் ஓய்வும் நல்கையும் வாய்த்த நாடுகளின் அளவுகோலை, வகுப்புச் சுமையில் அழுந்தும் நம் கல்லூரிகளுக்கு அப்படியே கொணர்ந்ததன் பயன் இது.

உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அவருடைய சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. ஏடு தேடியும், சமண அன்பர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தும் அவர் செலவிட்ட காலத்தை எழுத இன்றைய படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.

இது கவிஞர்களுக்கு என்ன என்பீர்கள். உங்கள் நூல்களைக் கூர்ந்து படிக்க வேண்டிய கண்கள் அவர்களுடையவை. ஒரு தொகுதியின் பாடுபொருளை வகைப்படுத்தி, நான்கு பக்கத்தில் முடிந்துவிடும் கட்டுரைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். அங்கே கவிதை எண்ணப்படுகிறது, படிக்கப்படுவதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். திங்கள்தோறும் ஒரு கூட்டத்தை அச்சேறாத ஆய்வுக் கட்டுரைக்கென ஒதுக்குவோம். எழுதியவர் படிக்கட்டும், நாம் தயங்காமல் வினவுவோம். புள்ளி வழங்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் பொறுமையாகக் கேட்கும் செவியை வழங்கலாம். அந்த இளைஞரையே முதற்கூட்டத்திற்கு அழைத்திருக்கிறேன். வருவதாக இசைந்திருக்கிறார்.