வீடும் வாசலும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமயச் சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இல்லத்தைப் பேணுதலும் அணிசெய்தலும் என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. ஆலய விழாவிலே வீட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். சைவம் காட்டும் நெறிகள் நான்கு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் அந்நான்கனுள் முதற்படி சரியை. திருக்கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், மலர் பறித்து மாலை தொடுத்தல், விளக்கேற்றுதல் ஆகிய எளிய உடலுழைப்புத் தொண்டுகளே சரியை எனப்படும். 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் பெருமான் இந்நெறிக்கு எடுத்துக்காட்டு ஆனவர். திருக்கோயில்களிலே அவருடைய திருவுருவத்தைக் காணும்போது, கையிலோ தோளிலோ உழவாரப் படை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். புல்லையும் முள்ளையும் செதுக்கி, அடியவர் நடக்கும் வழியைத் துப்புரவாக்கிய கருவி அது. கூட்டுவதும் மெழுகுவதும் இறைவன் சந்நிதியில் தொண்டு என்றால், இல்லத்தில் அவை வெறும் வேலை ஆகிவிடுமா?

ஆலயம் நமக்கு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. காலையில் நடை திறந்தவுடன் அர்ச்சகர் புதுமாலையை எடுத்துச் சாத்துவதில்லை. முதலில் நேற்றைய மாலையைக் களைகிறார். அது நிர்மாலியம். அடுத்து நீராட்டுகிறார். அது அபிஷேகம். அதன் பின்னரே அலங்காரம். களைதல், கழுவுதல், அணிதல் என்னும் இந்த வரிசை மாறுவதே இல்லை. நம் இல்லங்களில் பெரும்பாலும் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதற்குத் தாவிவிடுகிறோம். தீபாவளி நெருங்கியதும் புதுத் திரைச்சீலையும் வண்ண விளக்கும் வாங்குகிறோம். பழைய அலமாரியோ வீட்டுக்கு வெளியே நடைபாதையில் நிற்கிறது. இவ்வரிசையை இல்லத்திற்கு மீட்டுக்கொண்டு வரவேண்டும் என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்கும் ஒரே வேண்டுகோள்.

தோட்டத்து வாசல்

தமிழர் தனியே வீடு என்று சொல்வதில் நிறைவு காண்பதில்லை. 'வீடு வாசல்' என்று இணைத்தே சொல்வர். நம் பெற்றோர் பலர் தோட்டங்களிலே லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள். அவ்வீடு சிறியதுதான். ஆயினும் அதற்கு ஒரு வாசல் இருந்தது. பொழுது புலருமுன் வாசல் பெருக்கிச் சாணம் தெளித்துக் கோலமிட்ட பின்னரே பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார்களை நாம் அறிவோம். வாசலோரம் துளசி, வேலியோரம் முருங்கையும் கறிவேப்பிலையும், கொல்லையிலே வாழையும் மரவள்ளியும் இருந்தன. அவை அழகுக்கும் ஆயின, குழம்புக்கும் ஆயின.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு எடுக்கப்பட்டும் போனபின், நம்மவருள் பலர் நகரங்களுக்கு வந்து அடுக்குமாடிகளில் குடியேறினர். மக்கள் வீடமைப்புத் திட்டமாகிய பி.பி.ஆர். வீடு ஏறத்தாழ 700 சதுர அடி, படுக்கையறை 3. குழாய்நீர், மின்சாரம், தனிக் குளியலறை ஆகிய வசதிகள் உண்டு. ஆனால், வாசல் எங்கே? கதவைத் திறந்தால் நடைபாதை. அது நமக்கும் உரியது. எதிர்வீட்டு மலாய்க்காரருக்கும் அடுத்த வீட்டுச் சீனருக்கும் உரியது. அனைவர்க்கும் உரியது யார்க்கும் உரியதன்று என்னும் நிலை அங்கே உருவாகிவிட்டது. வீட்டினுள் தரை பளபளக்கிறது. கதவுக்கு வெளியே ஓர் அடி தள்ளிக் குப்பை கிடந்தாலும் நம் கண்ணில் படுவதில்லை. வீட்டைக் காத்துக்கொண்டோம்; வாசலை இழந்துவிட்டோம்.

முதலாவது: களைதல்

களைவதற்கு உரிய நாள் என்று போகியை நம் முன்னோர் வைத்தனர். ஆயினும், கழித்த பொருள்களைத் திறந்த வெளியில் எரிப்பது இந்நாட்டில் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். ஆதலால் எரிப்பதை விடுத்துப் பிரித்தெடுப்பதைப் பழகுவோம். உடுக்கத்தக்க துணியைத் தேவைப்படுவோர்க்குக் கொடுக்கலாம். தாளும் இரும்பும் பழம்பொருள் வாங்குபவரிடம் போகலாம். கட்டில், மெத்தை போன்ற பெரிய பொருள்களுக்குக் குடியிருப்பு நிர்வாகத்திடம் கேட்டு, அதற்குரிய இடத்தில் வைக்கவேண்டும்.

நடைபாதையும் மாடிப்படியும் சேமிப்பு அறைகள் அல்ல. தீப்பற்றினால் நாமும் நம் பிள்ளைகளும் ஓடவேண்டிய வழி அதுவே. புகை சூழ்ந்த இருளிலே ஒரு செருப்பு அலமாரி போதும், முதியவர் ஒருவர் தடுக்கி விழுவதற்கு. இரும்புக் கதவைப் பூட்டி வாழும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அப்பூட்டின் சாவி, வீட்டிலுள்ள சிறுவர் முதல் பாட்டி வரை அனைவரும் இருட்டிலும் எடுக்கத்தக்க ஒரே இடத்தில் இருக்கவேண்டும்.

மாடியிலிருந்து பொருளை எறிவது எத்தகைய கொடுமை என்பதை நாடே ஒருமுறை கண்ணீரோடு உணர்ந்தது. 2018-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தலைநகரின் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் மேல்மாடியிலிருந்து விழுந்த நாற்காலி, கீழே நடந்து சென்ற 15 வயது மாணவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. ஒரு வீட்டுக்கு வேண்டாத பொருள் இன்னொரு வீட்டின் விளக்கை அணைத்துவிட்டது. நிர்மாலியத்தை முறையாகக் களையாமையின் விளைவு இது என்று கூறினால் மிகையாகாது.

இன்னொன்றையும் ஆலய வளாகத்தில் நின்று சொல்லியே ஆகவேண்டும். கண்ணாடி உடைந்த சுவாமி படங்களையும் பழைய சிலைகளையும் சாலையோர மரத்தடியில் விட்டுச் செல்லும் வழக்கம் பெருகியுள்ளது. நேற்று வரை வணங்கிய உருவம் இன்று மழையில் நனைந்து கிடக்கிறது. சட்டத்தையும் கண்ணாடியையும் தனியே எடுத்துவிட்டு, படத்தை என்ன செய்வதென ஆலயத்தாரிடம் கேளுங்கள். கேட்பதில் இழிவில்லை, விட்டுச் செல்வதில்தான் இழிவுண்டு.

இரண்டாவது: கழுவுதல்

வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவி, விளக்கைத் துலக்கிப் பொட்டிட்டு ஏற்றுவது நம் இல்லங்களின் வழக்கம். இவ்வழக்கத்திற்குள் பொதிந்துள்ள ஒரு பயனை எடுத்துக்கூற விரும்புகிறேன்.

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றிலும் தேங்கும் தெளிந்த நீரே அதற்கு உகந்தது. முட்டையிலிருந்து கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். அப்படியானால் 7 நாள்களுக்கு ஒருமுறை நீரைக் கொட்டிக் கழுவும் வீட்டிலே அந்தக் கொசு பிறப்பது அரிது. வெள்ளிக்கிழமைக் கழுவுதலை விளக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் நீர் தேங்கும் இடங்களுக்கும் விரித்துக்கொண்டால், வழிபாடே நோய்த்தடுப்பாக அமைந்துவிடும்.

எங்கெங்கே கழுவவேண்டும்? பூந்தொட்டியின் அடித்தட்டு, பூச்சாடி, குளிர்ப்பெட்டியின் பின்புறத் தட்டு, குளியலறை வாளி, கூரையின் நீர்த்தாரை, வெளியே கிடக்கும் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவை பலரும் அறிந்தவை. பித்தளை உருளியில் நீர் நிரப்பி மலர்களை மிதக்கவிடும் அலங்காரம் அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. காண்பதற்கு இனியதே. ஆனால் விழா முடிந்தபின் அவ்வுருளி வாரக்கணக்கில் அப்படியே இருக்குமானால், அது கொசுவுக்குக் கட்டிய தொட்டில். பூசையறையில் வைத்த கும்ப நீரும் அவ்வாறே. நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே நாரினால் நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

2019-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 130,000-க்கும் மேற்பட்டோர் டிங்கியால் பாதிக்கப்பட்டனர். 182 பேர் உயிரிழந்தனர். வீட்டில் கொசு இனப்பெருக்கம் செய்ய இடமளிப்பது 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. தண்டத்திற்கு அஞ்சிக் கழுவுவதைக் காட்டிலும், அடுத்த வீட்டுக் குழந்தையை நினைத்துக் கழுவுவது உயர்ந்தது. நம் தொட்டியில் பிறந்த கொசு நம்மை மட்டுமே கடிப்பதில்லை அல்லவா?

மூன்றாவது: அணிதல்

களைந்து கழுவிய வீட்டிற்கு அதிக அணி தேவைப்படாது. வெளிர்நிறச் சுவரும், காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் செல்லத் திறந்த சன்னலும், ஒழுங்காக அடுக்கிய நூல்களும் போதிய அழகு தரும். அதற்கு மேல் நம் மரபு தந்த அணிகள் சில உள.

கோலம் அவற்றுள் முதன்மையானது. அரிசிமாவால் இடுவது எறும்புக்கும் உணவாகும் என்பது முன்னோர் கருத்து. நெகிழித்தாளில் அச்சிட்ட கோலம் ஒருமுறை ஒட்டினால் ஓராண்டு கிடக்கும். நாள்தோறும் குனிந்து வாசலைப் பார்க்கும் பழக்கத்தை அது நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறது. சிறிய புள்ளிக் கோலமாயினும் கையால் இடுங்கள். அடுக்குமாடியில் இடும்போது நடப்பவர் கால் படாத கதவோரத்தில் இடுங்கள். வழவழப்பான கல்தரையில் வண்ணப்பொடி சிந்தினால் வழுக்கும். முதியோர் விழ நேரிடும்.

தோரணமும் அத்தகையதே. மாவிலை கிடைக்காத நாடன்று இது. தாமான் வீடுகள் பலவற்றின் முன்னே மாமரம் நிற்கிறது. கேட்டால் மறுப்பவர் இலர். நெகிழி மாவிலை வாடாது. ஆனால் தூசி படிந்து, நிறம் மங்கி, ஆண்டுக்கணக்கில் தொங்கும். இயற்கை இலை வாடும். வாடுவதால் அதனை அகற்றவேண்டும். அகற்றுவதால் நிலைப்படியைத் துடைக்கவேண்டும். துடைத்த பின் புதியதைக் கட்டவேண்டும். வாடும் இலை நம்மை மீண்டும் மீண்டும் வாசலுக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறது.

விளக்கு இல்லத்தின் உயிர். எனினும் மரப் பூசைமாடத்திற்குள், திரைச்சீலைக்கும் காய்ந்த மாலைக்கும் அருகில் எரியும் விளக்கை விட்டுவிட்டு வெளியே செல்லலாகாது. பெரிய தட்டின்மேல் விளக்கை வைத்து, நாம் வீட்டில் இருக்கும் வேளையில் ஏற்றுவோம். மின்விளக்குச் சரங்களை வாங்கும்போது சிரிம் முத்திரை உள்ளதா எனப் பாருங்கள். ஒரே இணைப்புப் பலகையில் பலவற்றைச் செருகாதீர்கள்.

செடிகளைப் பொறுத்தவரை, வெயில் படும் இடம் இருந்தால் துளசி, கறிவேப்பிலை, பாண்டான், செராய் ஆகிய நான்கும் தொட்டியிலேயே நன்கு வளரும். துளசியின் பூங்கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் இலை தழைக்கும். தொட்டியைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைக்காதீர்கள்; தரையில் வையுங்கள். காற்றுக்கு நம் பக்தி தெரியாது.

அண்டை வீட்டார்

சொந்தமாக வாங்கிய அடுக்குமாடி வீடுகளுக்கு 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் பொருந்தும். பூந்தொட்டிகள் விழாதவாறு பாதுகாப்பாக இருக்கவேண்டும், நீரும் மண்ணும் கீழ்வீட்டில் சிந்தக்கூடாது, நீர் தேங்கிக் கொசு பெருகக்கூடாது என்றெல்லாம் அதன்கீழ் 2015-ல் வந்த விதிகள் கூறுகின்றன. பராமரிப்புக் கட்டணத்தோடு அதன் 10 விழுக்காட்டை ஒதுக்கு நிதியாகவும் செலுத்துகிறோம். கட்டடத்திற்கு மீண்டும் வண்ணம் பூசுவது போன்ற பெரும் பணிகளுக்கு அந்நிதியே உதவும். அதைச் செலுத்தாமல் வரவேற்பறைக்கு மட்டும் புதுச் சாயம் பூசுவது, மூலவருக்குப் பட்டுச் சாத்திவிட்டுக் கோபுரத்தை இடியவிடுவது போன்றது.

சட்டத்தைவிட வலியது உறவு. அடுத்த வீட்டுச் சீனர் தம் வாசலில் செந்நிற மாடம் வைத்து ஊதுவத்தி ஏற்றுகிறார். எதிர்வீட்டு மலாய்க்காரர் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டினுள் நுழைகிறார். வாசல் புனிதமானது என்னும் எண்ணம் மூவர்க்கும் பொதுவாக இருக்கிறது. கோலமிடுமுன் பக்கத்து வீட்டுக்கு முன்னாலும் நான்கு முறை துடைப்பத்தை வீசிப் பாருங்கள். கூட்டம் கூட்டிப் பேசியும் வராத நல்லிணக்கம் அந்த நான்கு வீச்சில் வரக்கூடும். மாதம் ஒருமுறை மாடிதோறும் கோத்தோங் ரோயோங் நடத்த நம் இளைஞர்களே முன்வரலாம்.

இறுதியாக ஒன்று. இவ்வளவும் தாய்மார்களுக்குச் சொல்லப்பட்டவை என ஆடவர் எண்ணி அமர்ந்திருக்க வேண்டா. உழவாரம் ஏந்திய திருநாவுக்கரசர் ஓர் ஆடவர். வேலை முடிந்து களைத்து வரும் பெண்ணின் கையில் துடைப்பத்தையும் கொடுத்துவிட்டு, வீட்டின் அழகைப் பிறரிடம் நாம் பெருமையாகக் கூறுவது முறையன்று. திருவிழா நாளில் தேர்வடம் பிடிக்க முண்டியடிக்கும் கைகள், வெள்ளிக்கிழமைதோறும் பூந்தொட்டித் தட்டைத் தேய்க்கவும் நீளட்டும். பிள்ளைகளுக்கும் வயதுக்கேற்ற ஒரு பணியை ஒதுக்குங்கள்.

விழா நிறைவுற்று இல்லம் திரும்பும்போது, கதவைத் திறக்குமுன் ஒரு கணம் நின்று வாசலைப் பாருங்கள். களையவேண்டியது எது, கழுவவேண்டியது எது என்று கேளுங்கள். அவை முடிந்தபின் அணியுங்கள். அவ்வாறு செய்யும் இல்லத்திலே அம்பிகை தானே வந்து அமர்வாள் என்பது என் உறுதியான நம்பிக்கை.