கேட்க இயலாதாரும் அவையோரே

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 'கேள்வி' என்று தனி அதிகாரமே வகுத்தார். நூல் கல்லாதவருக்கும் கேள்வி துணையாகும் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. இதன் மறுபக்கம் ஒன்றுண்டு. நூல் கற்றவர், கவிதையில் தோய்ந்தவர், ஆனால் செவி கேளாதவர். அவருக்கு அவையில் எது துணை?

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், செவித்திறன் குறையுடையோராக இந்தியாவில் பதிவானவர்கள் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். முதுமையில் மெல்ல மெல்லச் செவி மங்கும் கவிஞரின் நிலை இன்னும் நுட்பமானது. முதலில் அவர் முன்வரிசைக்கு வருவார். பிறகு பக்கத்திலிருப்பவரைக் கேட்பார். அவை சிரிக்கும்போது, "ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்" என்ற விடை வரும். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை. சில மாதங்களில் அவரும் வரமாட்டார். ஒரு கவிஞர் அவையை விட்டு விலகியது எவர் செவிக்கும் எட்டாமலே நிகழ்ந்துவிடும்.

இதற்கு மாற்று, உடனடி எழுத்துரை. பேசுவோர் பேசப் பேச, அச்சொற்கள் அப்போதே திரையில் எழுத்தாக ஓடும். திரைப்படத்தின் 'சப்டைட்டில்' முன்னரே எழுதிச் சேர்க்கப்படுவது. இது பேச்சோடு உடன்பிறப்பது.

வாய்மொழியை உடனிருந்து எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சோழர் காலத்தில், மன்னனின் வாய்மொழி ஆணையை ஓலையில் எழுத 'திருமந்திர ஓலை' என்னும் அலுவலர் இருந்தார். அவருக்கு மேல் 'திருமந்திர ஓலை நாயகம்' இருந்தார். எழுத ஒருவர், சரிபார்க்க ஒருவர். அன்று அரசன் சொல்லுக்குக் கிடைத்த அந்த அக்கறையை, இன்று கேட்பவரின் பொருட்டுக் கவிஞன் சொல்லுக்கும் காட்ட வேண்டும்.

பிற இடங்களில் இம்முறை வேரூன்றிவிட்டது. அமெரிக்காவில் 1982இல் ஆஸ்கார் விருது விழாவின் நேரடி ஒளிபரப்பு, உடனடி எழுத்துரையோடு வீடுகளை அடைந்தது. பல விசைகளை ஒருங்கே அழுத்தி அசையசையாகப் பதியும் நீதிமன்றச் சுருக்கெழுத்துப் பொறியே அங்கு இக்கலைக்கு அடிப்படை. இந்தியாவில், 2023 பிப்ரவரி 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, வாதங்களைக் கணினி வழியே எழுத்தாக்கித் திரையில் காட்டத் தொடங்கியது. அங்கும் பொறி எழுதியதே முடிவாகவில்லை. அந்த எழுத்துப்படி வழக்கறிஞர்களின் சரிபார்ப்புக்குச் சென்றது.

தமிழில் இவ்வேலை கூடுதல் கவனம் கோருவது. தமிழ்ச் சுருக்கெழுத்தர் திறமிக்கவரே. எனினும் அவர் குறியீடாக எழுதி, பின்னரே எழுத்தாக்குவார். அவையிலிருப்பவருக்கு அக்கணமே எழுத்து வேண்டும். இன்று கைப்பேசியே தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குகிறது. ஆயினும் லகர, ளகர, ழகரங்கள் நாவில் மயங்கினால் பொறியும் மயங்கும். திருமழபாடி 'திருமலைபாடி' ஆகலாம். வாலிகண்டபுரம் இரண்டாக உடையலாம். வட்டார வழக்கில் எழுதிய கவிதையைப் பொறி 'திருத்தி' ஏட்டுத்தமிழ் ஆக்கிவிடலாம். உரைநடையில் ஓரெழுத்துப் பிழையைப் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். கவிதையில் அந்த ஓரெழுத்தே கவிதையாக இருக்கக்கூடும்.

ஆகவே முதற்பொறுப்பு கவிஞருடையது. அரங்கேற்றும் கவிதையின் படியை முன்னாளே தந்துவிட்டால், அவர் வாசிக்கும் வரிக்கேற்ப, அவர் எழுதிய எழுத்தே, அவர் முறித்த இடத்திலேயே திரையில் முறிந்து வரும். முன்கூட்டி எழுதப்படாத உரைக்கும் விவாதத்துக்குமே பொறியும் தட்டச்சரும் தேவை. இருவர் அமர்ந்து, ஒருவர் எழுத மற்றவர் திருத்தி, கால் மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். ஊர்ப்பெயர்களும் நூற்பெயர்களும் அடங்கிய பட்டியலை அவர்களிடம் முன்பே கொடுத்துவைக்க வேண்டும். எதிரொலிக்கும் மண்டபத்து ஒலிபெருக்கியை நம்பாமல், ஒலிவாங்கியிலிருந்து கணினிக்கு நேரே கம்பி இழுக்க வேண்டும். பேசுபவர் முகமும் எழுத்தும் ஒரே பார்வையில் படும்படி திரை அருகிலிருக்க வேண்டும். பேசுபவர் பெயரும், 'சிரிப்பு', 'கைதட்டல்', 'பறையொலி' என்னும் குறிப்புகளும் வரவேண்டும். அவை ஏன் சிரித்தது என்று அறிவதும் அவையில் இருப்பதன் ஒரு பகுதியே.

சுருக்கம் எழுதிக் காட்டினால் போதாதா என்று கேட்கலாம். கவிதையின் சுருக்கம் கவிதையாகாது. எதை விடலாம், எதைச் சொல்லலாம் என்று கேளாதவருக்காகக் கேட்பவர் முடிவு செய்வது, எவ்வளவு அன்போடு செய்தாலும், அவர் உரிமையைக் குறைப்பதேயாகும்.

இதற்கும் எல்லையுண்டு. பிறவியிலேயே கேளாதார் பலருக்குச் சைகை மொழியே முதன்மொழி; அவருக்கு எழுத்துரை மட்டும் போதாது, சைகை மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்பதன் பொருளில் எழுத்துக் காட்சியையும் சைகை மொழியையும் சேர்த்தே குறிக்கிறது; பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்ளும் உரிமையையும் கூறுகிறது. எனவே இது கருணையின் பாற்பட்டதன்று.

பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்திலேயே ஒரு வெண்திரை எழட்டும். அழைப்பிதழில் 'எழுத்துரை உண்டு' என்னும் இரண்டு சொற்கள் அச்சேறட்டும். அவற்றைப் படிக்கும் மூத்த கவிஞர் ஒருவர் அன்று பேருந்து ஏறக்கூடும். அவர் வரும்போது, மற்றவர் சிரிக்கும் அதே கணத்தில் அவரும் சிரிக்க வழியிருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பேற்க இவ்வட்டம் முன்வர வேண்டும்.