கடைத்தெருவில் கலை வளர்த்தல்
(கோட்டைப்பட்டினத்தில் கூடிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பொலிவிழந்த பழைய கடைத்தெருவொன்றைக் கலைகளின் துணைகொண்டு மீண்டும் தழைக்கச் செய்ய இயலுமா என்பதாம். வயிற்றுப்பாட்டுக்கே வழி காணாத நாளில் பாட்டும் படமும் எதற்கு என்று நம்மவரிற் சிலர் கேட்பதை அறிவோம். கேட்கத்தக்க கேள்வியே. ஆதலின் வெறும் உபதேசத்தை விடுத்து, நடந்ததொரு வரலாற்றைக் கூறி அதன்மேல் நம் யோசனையைச் சொல்லுவோம்.

மேலைக்கரையிலே கொச்சித் துறைமுகத்தை அடுத்துக் கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி என இரண்டு பழைய பகுதிகள் உள்ளன. மிளகும் சுக்கும் ஏலமும் கப்பலேறிய இடம். அங்கே 1568-இல் எழுந்த யூதர் ஆலயம் இன்றும் நிற்கிறது. குஜராத்தியரும் கொங்கணியரும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்த தெருக்களிலே குடியிருந்து வாணிகம் செய்தனர். 1920-க்குப் பின் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் காயலைத் தூர்வாரி, அம்மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவை உண்டாக்கினார். பெருங்கப்பல்கள் புதுத் துறைமுகத்தை நாடவே, பழைய கரையிலிருந்த பண்டகசாலைகள் நாளடைவில் வேலையற்றுப் போயின. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின் யூதக் குடும்பங்களிற் பெரும்பாலானவை அங்கே சென்றுவிட்டன. கதவுகள் பூட்டப்பட்டன, ஓடுகள் சரிந்தன. இக்கதை நமக்கு அந்நியமானதா என்பதை நம் ஊரின் பழைய வீடுகளைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

அந்நிலையில் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் மலையாளத்து ஓவியர் இருவர் புதிதாக ஒரு மாளிகை கட்டப் புறப்படாமல், பூட்டிக்கிடந்தவற்றைத் திறக்கச் சொன்னார்கள். 1867-இல் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனியின் கடலோரக் கட்டடம், மிளகு வைத்திருந்த கிடங்கு முதலியவை கண்காட்சிக் கூடங்களாயின. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 12-இல் கொச்சி-முசிறி பியெனாலே என்னும் கலைவிழா தொடங்கிற்று. பியெனாலே என்பது இரண்டாண்டுக்கு ஒருமுறை நடப்பது எனப் பொருள்படும் இத்தாலியச் சொல். வெனிஸ் நகரத்தார் 1895-இலேயே அத்தகைய விழாவைத் தொடங்கிவிட்டனர். கேரள அரசாங்கம் பொருளுதவி செய்தது. கட்டடத்துக்கு உரியவர்கள் இடம் அளித்தனர். மாணாக்கர்க்கும் சிறுவர்க்கும் தனிப் பகுதிகள் பின்னர் ஏற்பட்டன. விழாக் காலத்தில் தச்சர், வர்ணம் பூசுவோர், ஆட்டோ ஓட்டுவோர், தேநீர்க்கடைக்காரர் ஆகிய யாவர்க்கும் வேலை கிடைத்தது. பூட்டிய கிடங்கு ஒருவனுக்கும் சோறு போடாது. திறந்த கிடங்கு பத்துப் பேருக்காவது போடும். வயிற்றுப்பாட்டுக் கேள்விக்கு நாம் கூறும் விடை இதுவே.

ஆயினும் அங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடிற்று என்று சொன்னால் பொய்யாகும். அரசாங்கப் பணத்தைப் பற்றித் தொடக்கத்திலேயே பெரும் வாதம் எழுந்தது. 2022-இல் ஏற்பாடுகள் முடியாமையால், தொடக்க நாளை டிசம்பர் 12-இலிருந்து 23-க்குத் தள்ளவேண்டியதாயிற்று. கலைஞர்களே வெளிப்படையாகக் குறை கூறினர். இன்னொன்று, நமக்கு அதனினும் முக்கியமானது: ஓரிடத்தின் பெயர் ஓங்கினால் வாடகையும் ஓங்கும், முதலில் இடம்பெயர்பவன் ஏழைக் குடியானவனே. எனவே, தெருவில் இருப்பவரை இருத்திக்கொண்டு செய்வதாயின் செய்யலாம். அவரை அகற்றிச் செய்வதாயின் சங்கம் இதில் கை வைக்கவே வேண்டாம் என்பது நம் உறுதியான கருத்து.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கலைக்காக நாம் எவரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. பஜனையில் தட்டப்பெற்ற சிறு வாத்தியமாகிய கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டையைச் சேர்ந்தவர். அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் பெயரை லய வித்துவான்கள் இன்றும் வணக்கத்தோடு சொல்லுகின்றனர். ஆவுடையார்கோயிற் கொடுங்கையைப் பாராத சிற்பி உண்டோ? நம் கடற்கரையிலோ வலையிழுப்போரின் அம்பாப் பாட்டு உண்டு. ராவுத்தர் அப்பா தர்காவுக்கோ எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர்.

இங்கேதான் சிலருக்கு உவப்பாக இராத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இம்முயற்சியை நம் சமூகத்தார் மட்டும் நடத்தவேண்டும், சங்கக் கட்டடத்தில் பிறர் பாட இடங்கொடுத்தல் ஆகாது என்று ஒரு கட்சி பேசுகிறது. அவர்கள் திருவையாற்றை நினைக்கவேண்டும். 1847-இல் தியாகராஜ சுவாமிகள் மறைந்த பின் அவர் சமாதி கவனிப்பாரின்றிக் கிடந்தது. பின்னர் ஆராதனை தொடங்கியவர்களோ பெரிய கட்சி, சின்னக் கட்சி எனப் பிரிந்தனர். பெண்கள் பாடுவதற்கு இடமில்லை. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டுச் சமாதிக்குக் கோயில் எடுப்பித்தார். 1925-இல் அதற்குக் கும்பாபிஷேகமும் நடந்தது. கோயில் கட்டியவருக்கே பாட உரிமை இல்லை! அவர் பெண்களைத் திரட்டித் தனிக் கட்சி அமைத்தார். ஒரு மகானுக்கு மூன்று ஆராதனைகள் நடந்தன. 1940-இல் மூன்றும் ஒன்றுபட்ட பிறகே ஆணும் பெண்ணும் கூடிப் பஞ்சரத்தினம் பாடும் இன்றைய திருவையாறு உண்டாயிற்று. நாகரத்தினம்மாள் 1952-இல் காலமானார். அவருடைய சமாதியும் சுவாமிகளின் சந்நிதிக்கு அருகிலேயே உள்ளது.

கோட்டைப்பட்டினமோ மூன்று கட்சி தாங்கும் அளவு பெரிய ஊரன்று. மீனவர், முஸ்லிம் வணிகர், நாம் ஆகிய எவர் தனித்துச் செய்தாலும் ஒரு நாள் பந்தலோடு முடியும். ஆதலால் நாம் வேண்டுவது இது: கடைத்தெருவில் பூட்டிய கட்டடம் உடைய அங்கத்தினர்கள், வருஷத்தில் மூன்று மாதம் மட்டும் அவற்றை வாடகையின்றி விடவேண்டும். ஓட்டையும் சுவரையும் செப்பனிடும் செலவைச் சங்கம் ஏற்கவேண்டும். ஜமாஅத்தாரையும் மீனவர் பஞ்சாயத்தாரையும் சரிபாதிக்குக் குறையாத இடங்களோடு நிர்வாகக் கமிட்டியில் சேர்க்கவேண்டும். அழைப்பிதழில் பெயர் போடுவதோடு நிறுத்தலாகாது. இப்போது வாடகைக்கு இருக்கும் கடைக்காரருக்கு ஐந்தாண்டு வரை வாடகையை உயர்த்துவதில்லை என்று எழுத்து மூலம் உறுதி தரவேண்டும். வரவுசெலவுக் கணக்கை மாதந்தோறும் இப்பத்திரிகையிலேயே அச்சிடவேண்டும். மேற்கொண்டு அரசாங்க உதவி வருமாயின் வரட்டும். வரும்வரை காத்திருக்க வேண்டா.

கடைசி யோசனைக்குத்தான் எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்க்கிறோம்: முதல் நிகழ்ச்சி நம் சங்கக் கட்டடத்திலேயே, நம்மவர் அல்லாதார் பாட நடக்கவேண்டும். எதிர்ப்போர் இச்சபையிலேயே எழுந்து பேசலாம். சாவி தர இசைவோர் தம் பெயரையும் கட்டடத்தின் அளவையும் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.