ரேகை தேய்ந்த விரல்கள்



தமிழகத்தில் 2017-ல் ரேஷன் அட்டை ஸ்மார்ட் கார்டு ஆயிற்று. 2020-ல் விரல் ரேகையும் வந்தது. வெளியூரிலும் அரிசி வாங்கலாம். நல்லதுதான். ஆனால், செங்கல் சுமந்தே ரேகை தேய்ந்துபோன பாட்டி என்ன செய்வாள்? "இன்னொரு தரம் வை பாட்டி" என்கிறார் கடைக்காரர். மெஷின் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

ரேகை பொருந்தாவிட்டால் வேறு வழியில் அடையாளம் காட்ட இடமிருக்க வேண்டும் என்று 2018 ஆதார் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கருவிழிப் பதிவு, ஓ.டி.பி., கடைசியில் பதிவேட்டில் ஒரு கையெழுத்து என்று வழிகள் உண்டு. அந்த வழியை மெஷினுக்குள் எழுதி வைக்க வேண்டியவர்கள் என்ஜினீயர்களாகிய நாம்தானே? பாட்டி வெறும் பையோடு திரும்பினால், அது நம் படிப்புக்குத்தான் வெட்கம்.